ஆளில்லாத இடத்துக்கு ஒரு பாஸ்

சங்கமித்ராவுக்குத் தன் பெயர் மறக்கவில்லை, வீட்டு விலாசம் மறக்கவில்லை, ஐந்தாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவளின் பெயர்கூட மறக்கவில்லை. பந்து மட்டும் மறந்துவிட்டது.

வியாசர்பாடியில் பிறந்து, பதினெட்டு வயதில் பெண்கள் தொழில்முறை லீக்கில் திரைகடல் அணிக்கு மிட்ஃபீல்டராக ஒப்பந்தமானவள். அடுத்த ஆண்டே பத்திரிகைகள் அவளைப் பற்றி எழுத ஆரம்பித்தன. அந்த சமயத்தில்தான் ஒரு கார்னர் பந்துக்குத் தலை கொடுக்கப் போய் கோல் கம்பத்தில் பின்மண்டை மோதியது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் எல்லோரையும் அடையாளம் தெரிந்தது. நடந்தாள். படி ஏறினாள். ஆனால் மைதானத்துக்குத் திரும்பிய முதல் நாள் கோச் மெதுவாக உருட்டிவிட்ட பந்து அவள் பாதத்தைத் தாண்டிப் போய்விட்டது. பந்து போன பிறகுதான் கால் வந்தது. மறுபடி உருட்டினார். மறுபடியும் அப்படியே.

"கால் வர்ல மேடம்," என்றாள் மித்ரா. "நான் கூப்புடறேன், அது லேட்டா வருது."

கோச் பெரியநாயகி பந்தை எடுத்து இடுக்கிக்கொண்டார். அவர் கண்ணில் மித்ரா நீரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

டாக்டர் ஃபரீதாவின் அறையில் படம் போட்டுக் காட்டினார்கள். பின்மண்டைக்கு உள்ளே, சிறுமூளையில், நகம் அளவுக்கு ஒரு நிழல்.

"நாம யோசிக்காம செய்யற வேலையெல்லாம் இங்கதான் இருக்கு," என்றார் டாக்டர். "சைக்கிள் ஓட்டறது, நீச்சல், உன் விஷயத்துல பந்து. பக்கவாதம் வந்து நடக்க முடியாதவங்களுக்கு இப்ப ஒரு வைத்தியம் பண்றோம். இறந்தவங்க சிறுமூளையில இருந்து கொஞ்சம் செல் எடுத்து வளர்த்து, நோயாளிக்கு வைக்கிறோம். மாங்கன்னுல ஒட்டு கட்டறாங்க இல்ல, அது மாதிரி. அந்த செல்லோட அதுங்க பழகின பழக்கமும் வந்துடுது."

"நான் நடக்கறேனே டாக்டர். எனக்கு வேண்டியது நடை இல்ல."

"தெரியும். அதனால பந்து ஆடின ஒருத்தரோட ஒட்டுதான் வேணும். தேடினோம், கிடைச்சிருக்கு. யாருன்னு நான் சொல்லக்கூடாது. எனக்கே பேர் தெரியாது. உயிரோட இருக்கும்போது எல்லாத்தையும் தானம்னு எழுதிக் கொடுத்திருக்காங்க."

கூட வந்திருந்த பெரியநாயகி குறுக்கிட்டார். "டாக்டர், ஒட்டு மரத்துல எந்த மாம்பழம் காய்க்கும்? அடிமரத்தோடதா, ஒட்டினதோடதா?"

ஃபரீதா கையை விரித்தார். "நடை திரும்பினவங்ககிட்ட அது தெரிய வரல மேடம். யாரோட நடை நடந்தா என்ன, கடைக்குப் போய் வந்தா போதும். விளையாட்டுக்காரருக்கு இதுவரைக்கும் யாரும் செய்யல."

மித்ரா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எதுனா காய்க்கட்டும் டாக்டர். வெறும் மரமா நிக்க முடியாது என்னால."

ஒட்டு பிடித்தது. முதலில் பந்தை நிறுத்த வந்தது, பிறகு தட்ட வந்தது. ஒரு காலைப் பயிற்சியில் தூரத்திலிருந்து வந்த பந்தை இடது காலால் வாங்கி, தரையில் விடாமல் அப்படியே மறுபக்கம் அனுப்பினாள். மைதானமே நின்று பார்த்தது. மித்ரா வலது காலால் ஆடுகிறவள். இடது காலை அவள் ஊன்றிக்கொள்ள மட்டும்தான் வைத்திருந்தாள்.

அவள் மறுபடி ஆடப் போகிறாள் என்ற செய்தி வெளியானதும் ஊர் இரண்டுபட்டது. செத்தவரின் திறமையை வாங்கி வைத்து ஆடுவது மோசடி என்றார்கள் சிலர். அப்படியானால் கண் தானம் வாங்கியவர் புத்தகம் படிப்பதும் மோசடியா என்று கேட்டார்கள் வேறு சிலர். இது வைத்தியமா, கூடுதல் பலமா என்று சீசன் முடிவில் பரிசோதித்துச் சொல்கிறோம், அதுவரை ஆடட்டும் என்று லீக் நிர்வாகம் நழுவிக்கொண்டது. எதிரணி ரசிகர்கள் அவளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். பந்து அவளிடம் வரும்போதெல்லாம் கேலரியிலிருந்து கோரஸாகக் கத்தினார்கள்: "இரவல் காலு! இரவல் காலு!"

முதல் ஆட்டத்தில் அவள் நன்றாகவே ஆடினாள். பந்து அவள் காலில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஆனால் இரண்டாவது பாதியில் ஒரு பந்தை வாங்கித் திரும்பியவள், தலையைக்கூடத் தூக்காமல் இடது காலால் வலப்பக்க மூலையை நோக்கி ஒரு நீளமான பாஸ் அனுப்பினாள். அது எதிரணி டிஃபெண்டர்களின் தலைக்கு மேல் வளைந்து போய், பெனால்டி பாக்ஸின் ஓரத்தில் விழுந்து, சுழன்று, அங்கேயே நின்றது.

அங்கே யாருமில்லை. ஸ்டேடியம் கைகொட்டிச் சிரித்தது.

அடுத்த ஆட்டத்திலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே. தொலைக்காட்சியில் அந்த பாஸ்களைத் தொகுத்து நகைச்சுவைப் பின்னணி இசையோடு போட்டார்கள்.

"எனக்குத் தெரில மேடம்," என்றாள் மித்ரா. "போடக்கூடாதுன்னு நெனச்சிக்கினேதான் போறேன். கால் போட்டுடுது."

பெரியநாயகி அந்தப் பந்துகள் விழுந்த இடங்களையெல்லாம் ஒரே திரையில் புள்ளி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மித்ராவை அருகில் கூப்பிட்டார். எல்லாப் புள்ளிகளும் ஒரு பாய் அகலத்துக்குள் விழுந்திருந்தன.

"தப்பா அடிச்சா சிதறும், மித்ரா. இது சிதறலையே. யாரோ அங்க வந்துடுவாங்கன்னு நம்பிப் போடற பந்து இது."

"யாரு?"

"அதான் தெரியல."

அது தெரிந்தவள் ஒருத்தி கன்னியாகுமரி கடலோரத்தில் இருந்தாள். பெயர் ரெஜினா. கடலுக்குள் நட்டிருக்கும் காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்ப்பது அவள் வேலை. ஒரு காலத்தில் மாவட்ட அணியில் ஃபார்வர்டு ஆடியவள். ஆட்டத்தை விட்டு இரண்டு வருஷமாகியிருந்தது. உடன் வேலை செய்பவர்கள் சாப்பாட்டு நேரத்தில் அந்த நகைச்சுவைத் தொகுப்பைப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தபோது அவள் எட்டிப் பார்த்தாள். மறுபடி போடச் சொன்னாள். இன்னொரு முறை போடச் சொன்னாள். பிறகு சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு லீவு சொல்லப் போனாள்.

திரைகடல் அணியின் பயிற்சி மைதானத்து வாசலில் காவலாளியிடம் அவள் போட்ட சத்தம் உள்ளே வரை கேட்டது. பெரியநாயகியே போய் அழைத்து வந்தார். வெயிலில் கறுத்த, நெடுநெடுவென்று உயர்ந்த பெண். நேராக மித்ராவின் முன்னால் வந்து நின்றாள்.

"அந்தப் பாஸ உனக்கு யாரு படிச்சுத் தந்தது?"

"யாரும் இல்லக்கா. அது..."

"பொய் சொல்லாத பிள்ளே. அது ஆக்னஸுக்க பந்து. எனக்க கூட்டுகாரி. நானும் அவளும் சின்னதுலேருந்தே கடப்புறத்துல பந்து ஆடுனவங்க. அவ பாக்காமலே அடிப்பா, நான் பாக்காமலே ஓடுவேன். லோகத்துல வேற ஒருத்திக்கும் அது தெரியாது. ரெண்டு வருஷம் முன்ன அவ பைக்குல போவும்போ லாரி இடிச்சு செத்துப்போனா. பின்ன நீ எப்படி அதப் போடுத?"

மித்ரா தலை குனிந்து, கழுத்துக்கு மேலே முடி இன்னும் சரியாக வளராத இடத்தைக் காட்டினாள். ரெஜினா அந்தத் தழும்பைப் பார்த்தாள். செய்தியில் கேட்டிருப்பாள் போல, புரிந்துகொள்ள நேரமாகவில்லை.

"கண்ணு குடுத்தோம், சரி," என்றாள் மெதுவாக. "கிட்னி குடுத்தோம், சரி. அவளுக்க ஆட்டத்தையுமா எடுத்தீங்க? அது அவளுக்கது மட்டும் இல்லியே. பாதி எனக்கதுல்லா?"

பெரியநாயகி ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். மித்ரா அதற்குள் பேசிவிட்டாள்.

"அக்கா, எல்லாரும் சிரிக்கிறாங்க. நான் பைத்தியம்னு நெனச்சிக்கினு இருந்தேன். நீ ஒரே ஒருவாட்டி ஓடு. நான் சும்மா அடிக்கிறேன். அது உன்னுதுன்னா உன்கிட்ட வந்து சேரட்டும். அப்பால நீ இன்னா சொன்னாலும் சரி."

ரெஜினா செருப்பைக் கழற்றி எறிந்தாள். பந்து மித்ராவிடம் வந்தது. அவள் திரும்பினாள். இடது கால் தானே எழுந்தது.

ரெஜினா திரும்பிப் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தாள். பந்து அவள் தலைக்குப் பின்னாலிருந்து வளைந்து வந்து, அவள் அடுத்த அடி எடுத்து வைக்கும் இடத்தில் விழுந்து, சுழன்று, அவளுக்காகக் காத்திருந்தது. வெறுங்காலால் ஒரு உதை. வலை அதிர்ந்தது.

அவள் ஓடிய வேகத்தில் போய் கோலுக்குள்ளேயே வலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தோள்கள் குலுங்கின. மித்ரா பயந்துபோய்ப் பக்கத்தில் ஓடினாள். ரெஜினா நிமிர்ந்தபோது முகம் முழுக்க ஈரம், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு அடி," என்றாள்.

சீசன் நடுவில் ஆள் சேர்த்துக்கொள்ள அனுமதி உண்டு. இரண்டு வருஷம் ஆடாத ஒருத்தியையா என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். "அவங்க தினமும் கடல் நடுவுல கம்பத்துல ஏறி இறங்கறவங்க. நீங்க லிஃப்ட்ல வர்றீங்க," என்றார் பெரியநாயகி. அத்துடன் பேச்சு முடிந்தது.

ரெஜினா இறங்கிய முதல் ஆட்டத்தில் வழக்கம்போல "இரவல் காலு" கோஷம் எழுந்தது. மித்ரா இடது காலைத் தூக்கியதும் சிரிப்பதற்குத் தயாராக இருந்தார்கள். பந்து ஆளில்லாத இடத்துக்குப் போனது. அது விழுவதற்கும் ரெஜினா அங்கே வருவதற்கும் சரியாக இருந்தது. கோல். சிரிப்பு பாதியில் நின்றது. அடுத்த பாதியில் அதே பாஸ், அதே கோல். அட்டவணையில் கடைசிக்கு முந்திய இடத்தில் கிடந்த திரைகடல் ஒவ்வொரு படியாக ஏறியது. கோஷம் அப்படியே இருந்தது, கத்தியவர்கள்தான் மாறினார்கள். இப்போது சொந்த ரசிகர்களே அதைத் தாளம் போட்டுப் பாடினார்கள். வியாசர்பாடிச் சுவரில் யாரோ ஒரு பெரிய இடது காலை வரைந்து வைத்தார்கள்.

எல்லோரும் கொண்டாடியபோது மித்ராவின் அம்மா கஸ்தூரி மட்டும் ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள்:

"ஏம்மே, உன் ஆட்டம் இன்னாச்சி?"

"ஜெயிச்சிக்கினுதான இருக்கோம்."

"அது இல்ல மே. நீ சின்னதுல ரெண்டு பேர அலைய வுட்டுட்டுத்தான் பந்தயே குடுப்ப. கோச் திட்டுவாரு, அப்பவும் கேக்க மாட்ட. இப்ப பந்து வந்ததும் குடுத்துடற. நல்லாத்தான் கீது. ஆனா யாரோ ஒரு பொண்ணு ஆடறாப்புல கீது."

மித்ரா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. கோல் விழுந்ததும் எல்லோரும் வந்து கட்டிப்பிடிக்கும்போது, அந்த அணைப்பு தன்னைத் தாண்டி வேறு யாருக்கோ போவதுபோல் இருக்கும். ரெஜினா அணைக்கும்போது அது இன்னும் அதிகமாக இருக்கும். தூத்தூர் பக்கத்தில் ஆக்னஸின் அம்மா செலின் ஒரு ஆட்டம் விடாமல் பார்க்கிறாள் என்றும், மித்ராவின் காலில் பந்து வந்தால் "எனக்க பிள்ள, எனக்க பிள்ள" என்று எழுந்து நின்று கைதட்டுகிறாள் என்றும் ரெஜினா சந்தோஷமாகச் சொல்லியிருந்தாள். கேட்டபோது மித்ராவும் சிரித்தாள். தனியாக இருக்கும்போது, அப்போ நான் யாரு என்று தோன்றியது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒருத்தி செத்த பிறகும் தந்ததை வாங்கிக்கொண்டு, அதில் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அரையிறுதியில் ஜெயித்து இறுதியாட்டத்துக்கு வந்தார்கள். சென்னையில்தான் ஆட்டம். எதிரில் ஐஸ்வால் அணி. தொடர்ந்து கோப்பை வாங்கியவர்கள். அவர்கள் வீட்டுப்பாடம் செய்துவிட்டு வந்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கியது முதல் அந்த வலது மூலையில் உயரமான ஒரு டிஃபெண்டர் வேலிக்கல் மாதிரி நின்றாள். பந்து எங்கே போனாலும் அவள் நகரவில்லை. அவளுக்குத் துணையாக இன்னொருத்தி ரெஜினாவின் நிழலாகவே ஓடினாள்.

ஆளில்லாத இடம் என்று ஒன்று இல்லாமல் போனது.

ஐஸ்வால் முதலில் கோல் போட்டது. இடைவேளைக்குப் பிறகு ஒரு கார்னரில் தலையால் முட்டி திரைகடல் சமன் செய்தது. அதற்குப் பிறகு ஆட்டம் நடுமைதானத்திலேயே முட்டி மோதிக்கொண்டிருந்தது. மித்ரா இரண்டு முறை அந்தப் பாஸை முயன்றாள், இரண்டு முறையும் அந்த உயரமானவள் நின்ற இடத்திலிருந்தே தலையால் தட்டிவிட்டாள். ஐஸ்வால் ரசிகர்கள் ஆரவாரித்தார்கள்.

ஓரத்திலிருந்து பெரியநாயகி கத்தினார். "மித்ரா! அங்க இல்ல! வேற!"

வேற என்றால் எங்கே? அவளுக்குத் தெரியவில்லை. நேரம் முடிந்துகொண்டிருந்தது. அப்போது ஐஸ்வால் வீராங்கனை ஒருத்தியின் காலிலிருந்து சற்றே நீண்டுவிட்ட பந்தை மித்ரா பாய்ந்து பறித்தாள். நிமிர்ந்தாள். ரெஜினா வலது பக்கம் ஓட ஆரம்பித்துவிட்டாள், நிழலும் கூடவே. பாஸ் வரப்போகிறது என்று மொத்த ஐஸ்வால் அணியும் அந்தப் பக்கம் ஒரு அடி சாய்ந்தது.

மித்ரா அனுப்பவில்லை.

பந்தை வலது காலின் வெளிப்புறத்தால் ஒரு தட்டுத் தட்டி, எதிரில் வந்தவளின் இடுப்புக்கு இந்தப் பக்கம் தான் போய் அந்தப் பக்கம் பந்தை விட்டாள். வந்தவள் தடுமாறி விழுந்தாள். அடுத்தவள் வந்தாள். அவளுக்கு முன்னால் நின்றே விட்டாள் மித்ரா, பந்தின்மேல் காலை வைத்து, வியாசர்பாடி முத்து மைதானத்தில் மாலை நேரத்தில் பையன்களைச் சீண்டுவதுபோல. எதிராளி காலை நீட்டியதும் அவளது இரண்டு காலுக்கும் நடுவில் பந்தை விட்டுத் தாண்டினாள். கேலரியிலிருந்து ஒரு குரல் தனியாகக் கிளம்பியது. அது கஸ்தூரியின் குரல் என்று மித்ரா பிறகு சத்தியம் செய்வாள்.

வேலிக்கல்லாக நின்றவள் வேறு வழியில்லாமல் அசைந்தாள். மித்ராவைத் தடுக்க முன்னால் வந்தாள். அதே நொடியில் ரெஜினா தன் நிழலை விட்டு இடது பக்கம் வெட்டித் திரும்பினாள். அவர்கள் இருவரும் ஒருமுறைகூடப் பழகாத ஓட்டம் அது. மித்ரா அவளைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பார்த்து, வலது காலால், தரையோடு, சற்று முன்னால் தள்ளிவிட்டாள். ரெஜினா ஓட்டத்தை நீட்டிப் போய் எட்டி உதைத்தாள்.

வலைக்குள் பந்து விழுந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. ஸ்டேடியம் அவ்வளவு அலறியது. ரெஜினா மித்ராவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஓடினாள். பெரியநாயகி தரையில் மண்டியிட்டு இரண்டு கையாலும் புல்லை அறைந்துகொண்டிருந்தார். வடசென்னையே பஸ்மேல் ஏறி ஊர்வலம் போனது.

கோப்பை வாங்கிய வாரமே லீக் நிர்வாகம் சொன்ன பரிசோதனை. டாக்டர் ஃபரீதா படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"மித்ரா, உன் தலையில ஒட்டு இல்ல."

"இல்லன்னா?"

"கரைஞ்சுடுச்சு. கீழ இருந்த உன் சொந்த செல் எல்லாம் அதைப் பார்த்துக் கத்துக்கிட்டு முளைச்சு வந்துடுச்சு. அதுக்கப்புறம் உடம்பு அந்த ஒட்டைத் தேவையில்லன்னு எடுத்துடுச்சு. பழைய அளவையெல்லாம் வச்சுப் பார்த்தா, அரையிறுதிக்கு முன்னாடியே இது முடிஞ்சுபோச்சு. இப்ப நீ ஆடறது நீதான்."

லீக் தடை விதிக்க இனி ஒன்றுமில்லை. மித்ரா துள்ளிக் குதிக்க வேண்டிய செய்தி. ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது அவள் நினைத்தது ரெஜினாவைத்தான். தோழியை ஒரு தடவை பறிகொடுத்தவள். இதைச் சொன்னால் இரண்டாவது தடவை.

ரெஜினா வெளியே மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். மித்ரா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். "அக்கா, ஆக்னஸ் இப்ப என்கிட்ட இல்ல. அரையிறுதிக்கு முன்னாடியே போயிட்டாங்களாம்."

ரெஜினா தலையாட்டினாள்.

"தெரியும்," என்றாள்.

"எப்படி?"

"ஆக்னஸ் பந்து விழுந்தா நிக்கும். நான் வருவது வரைக்கும் நிக்கும். அரையிறுதியில விழுந்த பந்து நிக்கேல்ல. என்னை இன்னும் ரெண்டடி ஓட வச்சுது. அப்பமே எனக்கு விளங்கிச்சு, இது வேற பிள்ள."

"அப்போ ஏன் சொல்லல? ஏன் ஓடின?"

"நீ விளிச்ச, நான் ஓடுனேன்." ரெஜினா அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "ஆக்னஸுக்க கூட ஆடும்போ எனக்கு ஓடுத வேலையே இல்ல பிள்ளே. உனக்க கூடத்தான் நான் ஓடப் படிச்சேன்."

மித்ராவுக்கு அழுகை வந்தது. அவள் அதை மறைக்கவில்லை. அப்புறம் நினைவு வந்தவளாகக் கேட்டாள்: "அவங்க அம்மா? அவங்க இன்னும் அவங்க பொண்ணுன்னு..."

"நான் சொல்லுதேன்." ரெஜினா போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். செலின் எடுத்தவுடன், கடல் காற்று கலந்த ஒரு வீட்டின் சத்தம் கேட்டது. ரெஜினா மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். மித்ரா பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்போ அந்தக் கடைசிக் கோலு?" என்று கேட்டது செலினின் குரல். "ரெண்டு பேரை வெட்டிச்சிட்டு பந்து குடுத்ததே, அதுவும் எனக்க பிள்ள இல்லியா?"

"இல்ல அம்மா. அது மித்ராவுக்க ஆட்டம்."

"ஐயோ, நான் எழுந்திருந்து எனக்க பிள்ளைக்குல்லா கைதட்டுனேன்." செலினின் குரல் உடைந்து, பிறகு தேறியது. "நீ போனை அந்தப் பிள்ளைக்கிட்ட குடு."

ரெஜினா நீட்டினாள். மித்ரா இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்தாள். "அம்மா," என்றாள்.

அந்தப் பக்கம் போனை எதன்மேலோ வைக்கும் சத்தம். நாற்காலி தள்ளும் சத்தம். பிறகு, எங்கோ தூத்தூரில், ஒரு வீட்டுக்குள் ஒருத்தி எழுந்து நின்று கைதட்ட ஆரம்பித்தாள். விடாமல் தட்டினாள்.